புது கேம் எப்போது வரும்? கல்லிடைக்குறிச்சிக் கேள்விக்கு ஒரு நீண்ட பதில்

கேட்டவர் கல்லிடைக்குறிச்சிக்காரர். அவருடைய அம்மா ஓய்வுபெற்ற டீச்சர், பத்து வருடத்துக்கும் மேலாக மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கம்ப்யூட்டரில், படத்துக்குள் ஒளிந்திருக்கிற பொருளைத் தேடும் கேம் விளையாடுகிறவர். முன்பெல்லாம் தினம் ஒரு புது கேம் வந்தது, இப்போது எப்போது வரும் என்றே தெரியவில்லை, வந்தாலும் முதலில் கலெக்டர்ஸ் எடிஷன் என்று இருமடங்கு விலையில் வருகிறது, சாதாரணப் பதிப்புக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், ஒரே கேம் ஒரு தளத்தில் இன்றைக்கும் இன்னொன்றில் ஒரு வருடம் கழித்தும் வருவது ஏன், இதற்கெல்லாம் ஒரு அட்டவணை உண்டா என்று கேட்டுவிட்டு, "அம்மா தினமும் என் உயிரை வாங்குதாங்க" என்று முடித்திருந்தார். அட்டவணை உண்டா என்பது மேலாகத் தெரிகிற கேள்வி. தேதியை யார் முடிவு செய்கிறார்கள், அதை வெளியில் இருந்துகொண்டே ஊகிக்க முடியுமா என்பதுதான் அவர் உண்மையில் கேட்பது என்று நினைக்கிறேன். முடியும். முழுக்க முடியாது, முக்கால்வாசி முடியும்.

நான் யார் என்று சொல்லிவிட்டால் என் பேச்சில் எதை எவ்வளவு நம்பலாம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். 2002 முதல் ஆறு வருடம் பாளையங்கோட்டையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். எட்டு கம்ப்யூட்டர், மணிக்கு 20 ரூபாய். பரீட்சை ரிசல்ட் வரும் நாளில் தெரு வரைக்கும் கூட்டம் நிற்கும், மற்ற நாளில் சோறு போட்டது கேம்தான். பிள்ளைகள் 'தவளை கேம்' என்று சொன்ன ஜூமா, 'மீன் கேம்' என்ற ஃபீடிங் ஃப்ரென்ஸி, கல்லை இடம் மாற்றி மாற்றி வைக்கிற பிஜுவெல்ட். "அண்ணாச்சி, புதுசு ஏதும் வந்திருக்கா?" என்று கேட்டுக்கொண்டேதான் செருப்பைக் கழற்றுவார்கள். அப்புறம் எல்லார் வீட்டிலும் கம்ப்யூட்டர் வந்தது, சென்டர் தொழில் படுத்தது. பெங்களூருக்குப் போய் ஒரு டெஸ்டிங் கம்பெனியில் ஒன்பது வருடம் வேலை. வெளிநாட்டு போர்ட்டல்களில், அதாவது கேம் விற்கிற இணையதளங்களில், விற்பனைக்குப் போகும் இதே மாதிரி டவுன்லோட் கேம்களைச் சோதித்துக் கொடுப்பதுதான் அங்கே வேலை. இப்போது அம்பாசமுத்திரத்தில் சிஸ்டம் சர்வீஸ் கடை. ஆக, கேம் முடிந்ததிலிருந்து கடைக்கு வரும் வரை உள்ள பாதை நான் கண்ணால் பார்த்தது. ஒப்பந்தம் பேசும் மேஜையில் நான் உட்கார்ந்ததில்லை, அந்தப் பக்கம் பற்றிச் சொல்லும்போது ஊகம் என்று சேர்த்தே சொல்கிறேன்.

இந்த வியாபாரம் ஆரம்பத்தில் எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் சொன்னால்தான் 'தினம் ஒன்று' என்ற வழக்கம் புரியும். 2000-ல் தொடங்கிய பாப்கேப் நிறுவனம் அடுத்த வருடமே பிஜுவெல்டைக் கொண்டுவந்தது. பிரவுசரில் இலவசமாக விளையாடிப் பார், பிடித்திருந்தால் 20 டாலர் கொடுத்துப் பெரிய பதிப்பை டவுன்லோட் செய்துகொள், இதுதான் முறை. 2002-ல் சியாட்டிலில் பால் தெலன் தொடங்கிய பிக் ஃபிஷ் கேம்ஸ் இதையே ஒரு பெரிய கடையாக ஆக்கியது, எந்த கேமையும் 60 நிமிடம் சும்மா விளையாடலாம், மணி முடிந்ததும் காசு கேட்கும். 'தினம் ஒரு புது கேம்' என்பது அவர்களுடைய விளம்பர வாசகம். டவுன்லோட் செய்கிற நூறு பேரில் ஒருவரோ இருவரோதான் வாங்குவார்கள் என்பது அந்தத் துறையின் பழைய கணக்கு. அப்படியென்றால் ஒரே கேமை நூறு தடவை காட்டிப் பயனில்லை, ஒரே ஆளை நூறு நாள் கடைக்கு வரவைக்க வேண்டும். பேப்பர்காரர் தினமும் வருவதால்தானே நாமும் காலையில் வாசலைப் போய்ப் பார்க்கிறோம், அந்த மாதிரிதான். உங்கள் அம்மாவுக்கு வந்த பழக்கம் தற்செயலாக வந்ததில்லை, அந்தக் கடை திட்டம் போட்டு வளர்த்த பழக்கம் அது.

ஆனால் தினம் ஒன்று வெளிவந்தது என்பதால் தினம் ஒன்று தயாராகி முடிந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கேம் செய்தவர்கள் எங்கெங்கோ இருந்தார்கள். அலவார் ரஷ்யாவில் நோவோசிபிர்ஸ்க்கில், ப்ளேரிக்ஸ் அதே நாட்டில் வோலோக்டாவில், ஐபிக்ஸ் செர்பியாவில் நோவி சாட்டில், ஆர்ட்டிஃபெக்ஸ் முண்டி போலந்தில். ஒருவர் மார்ச்சில் முடித்துக் கொடுப்பார், மூன்று பேர் ஒரே வாரத்தில் முடித்துக் கொண்டுவந்து நிற்பார்கள். நம் ஊர் ஆட்களுக்கு இதைச் சொல்வது சுலபம். பாபநாசம் அணையில் தண்ணீர் இருக்கிறது என்பது ஒரு விஷயம், கார் சாகுபடிக்குக் கன்னடியன் கால்வாயில் தண்ணீர் திறப்பது வேறு விஷயம். முடிந்த கேம் அணையில் நிற்கிற தண்ணீர். ரிலீஸ் தேதி, ஷட்டரைத் தூக்குகிற நாள். தூக்குவது போர்ட்டல், கேம் செய்தவர் இல்லை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் உங்கள் கேள்விகளில் பாதிக்குப் பதில் தானாக வந்துவிடும். கேம் செய்த கம்பெனியின் இணையப் பக்கத்தில் போய் 'எப்போது வரும்' என்று கேட்டால் அவர்கள் மழுப்புவதும் இதனால்தான், தேதி அவர்கள் கையில் இல்லை.

முடிந்ததாகச் சொல்லப்படும் கேம் ஷட்டர் வரை வருவதற்கும் நாள் பிடிக்கும், இது நான் நன்றாக அறிந்த இடம் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கேமுக்குள் ஒரு மணி நேர ட்ரையலை எண்ணுகிற பூட்டு ஒன்றை போர்ட்டல் போடும். போர்ட்டலுக்கு போர்ட்டல் பூட்டு வேறு, பூட்டு மாறினால் மறுபடி முதலிலிருந்து டெஸ்டிங். ட்ரையல் எந்த இடத்தில் முடிகிறது என்பதை மட்டும் பார்க்கவே ஆள் உண்டு, ஏனென்றால் கதை சூடு பிடிக்கும் இடத்தில் மணி முடிந்தால் வாங்குவார்கள், அலுப்பான புதிர் நடுவில் முடிந்தால் மூடிவிட்டுப் போவார்கள். புது பூட்டு போட்ட ஃபைலைப் பார்த்ததும் ஆன்டிவைரஸ் வைரஸ் என்று கத்தும், அதை ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டும். அப்புறம் ஐந்தாறு வருடப் பழைய லேப்டாப்பில், கிராபிக்ஸ் கார்டே இல்லாத மெஷினில் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த கேம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் உங்கள் அம்மா மாதிரிதான், புது மெஷின் வாங்குகிறவர்கள் இல்லை.

ஒரு கதை சொல்கிறேன். ஒரு பொருள் தேடும் கேம், எல்லாச் சோதனையும் முடிந்து ஸ்லாட் கொடுத்தாகிவிட்டது. 'ஸ்லாட்' என்றுதான் நாங்கள் சொல்வோம், இன்ன தேதியில் முதல் பக்கத்தில் இன்ன இடம் என்று. லீவுக்கு ஊருக்கு வந்தபோது அதை வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். கேம் ஓடுகிறது, மூடித் திறந்தால் விளையாடியது எல்லாம் காணோம், ஒவ்வொரு முறையும் முதல் அத்தியாயம்தான். காரணம் கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. அந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் யூசர் பெயரைத் தமிழில் 'அம்மா' என்று வைத்திருந்தேன். விளையாடியதைச் சேமிக்கிற ஃபோல்டரின் பாதையில் அந்தப் பெயர் வருகிறது, ஆங்கில எழுத்து தவிர வேறு எழுத்தை அந்த கேமுக்குப் படிக்கத் தெரியவில்லை. கம்பெனியில் எழுதிப் போட்டேன். தமிழ்ப் பெயர் வைத்தவன் எத்தனை பேர் கேம் வாங்கப்போகிறான் என்று சிரித்து, 'பிறகு பார்க்கலாம்' பட்டியலில் தள்ளினார்கள். பத்து நாள் கழித்து ஜப்பானியப் பதிப்பைச் சோதித்தவர்களுக்கும் அதே பக், அதாவது அதே கோளாறு, வந்தது, அப்போது எல்லாரும் அலறினார்கள். ஸ்லாட் போயிற்று. போன ஸ்லாட் மறுநாளே கிடைக்காது, பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்கெல்லாம் தேதி கொடுத்தாகிவிட்டது, நமக்கு எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கேதான், மூன்று வாரம் தள்ளிப் போனது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு 'விரைவில்' என்று போட்டுவிட்டு ஏமாற்றியது மாதிரிதான் தெரிந்திருக்கும்.

இனி கலெக்டர்ஸ் எடிஷன். அதில் கூடுதலாக இருப்பது ஒரு போனஸ் அத்தியாயம், கேமுக்குள்ளேயே வழிகாட்டிப் புத்தகம், வால்பேப்பர், பாட்டு, ஓவியங்கள், இவ்வளவுதான். பிக் ஃபிஷ் கடையில் சாதாரணப் பதிப்பு 9.99 டாலர், கலெக்டர்ஸ் 19.99, மாதச் சந்தா கட்டுகிற கிளப் உறுப்பினருக்கு 6.99, 13.99 என்று நீண்டகாலம் இருந்தது. மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ் என்ற தொடர் 2005-ல் ஹன்ட்ஸ்வில்லோடு தொடங்கியது, உங்கள் அம்மா நிச்சயம் விளையாடியிருப்பார்கள். அந்தத் தொடரில் கலெக்டர்ஸ் எடிஷன் முதலில், சாதாரணம் பின்னால் என்ற முறை 2009-ல் டயர் குரோவ் என்ற கேமோடு வந்தது. அப்புறம் எல்லாப் பெரிய தொடரும் அதையே பிடித்துக்கொண்டது. ஆரம்பத்தில் இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு மாதம் இருக்கும். நான் வேலையில் இருந்த வரை இரண்டு வாரத்துக்குக் குறைந்து பார்த்ததில்லை, ஐந்து வாரத்தைத் தாண்டினால் ஏதோ தகராறு என்று நாங்களே பேசிக்கொள்வோம். சில கேம்களுக்குச் சாதாரணப் பதிப்பு வராமலே போவதும் உண்டு.

ஏன் இப்படி ஒரு ஏற்பாடு? இங்கே நான் ஊகத்துக்குள் போகிறேன். 2009 வாக்கில்தான் பெரிய விலைப்போர் நடந்தது, 20 டாலருக்கு விற்ற கேம் 10-க்கும் 7-க்கும் இறங்கியது. அதே வருடம், அதே 20 டாலரைக் கலெக்டர்ஸ் எடிஷன் என்ற பெயரில் திரும்பக் கொண்டுவந்தார்கள். பொறுக்க முடியாதவரிடம் முதலில் 20, பொறுப்பவரிடம் பிறகு 10. சினிமாவில் முதல் நாள் முதல் காட்சிக்கு ஒரு விலை, அடுத்த மாதம் ஒரு விலை என்பது நமக்குப் புதிதா என்ன. விலை விழுந்ததும் இந்த முறை வந்ததும் ஒரே காலம் என்பது உறுதி, ஒன்றுக்காகத்தான் மற்றொன்று என்பது என் கணக்கு.

ஒரே கேம் வேறு வேறு தளத்தில் வேறு வேறு நாளில் வருவதற்கும் தாமிரபரணியே உதாரணம். கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டு. மேலே எடுத்தது போகத்தான் கீழே. கேமுக்குப் பணம் போட்ட போர்ட்டல், அல்லது அதிகம் விற்றுத் தருகிற போர்ட்டல், முதல் அணைக்கட்டு. அங்கே சில வாரமோ சில மாதமோ அந்தக் கேம் அவர்களுக்கு மட்டும். பிறகு கேம்ஹவுஸ், ஐவின், வைல்ட்டேஞ்சன்ட் மாதிரி மற்ற கடைகள். கடைமடையில் ஸ்டீம் என்ற பெரிய கேம் கடை, அங்கே வருவதற்கு ஒரு வருடம் இரண்டு வருடம்கூட ஆகும், வரும்போது பெரும்பாலும் கலெக்டர்ஸ் எடிஷன் மட்டும், அதுவும் தள்ளுபடியில். ஆர்ட்டிஃபெக்ஸ் முண்டி மாதிரி தாங்களே ஸ்டீமில் வெளியிடுகிறவர்கள் விதிவிலக்கு. கேம் செய்தவர் ஏன் எல்லாக் கடையிலும் ஒரே நாளில் போடுவதில்லை என்று கேட்டால், விற்பனையில் பெரும்பங்கு போர்ட்டலுக்குப் போகிற தொழில் இது, முதல் பக்கத்தில் இடம் தருகிறவன் சொல்வதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. முதல் வாரம் முதல் பத்துக்குள் நின்றுவிட்டால் கேம் பிழைத்தது, இல்லையென்றால் எட்டாம் நாள் அதைத் தேடிக் கண்டுபிடிப்பதே ஒரு பொருள் தேடும் கேம்தான்.

மாதக் கணக்கை ஊகிப்பது இதைவிடச் சுலபம், அமெரிக்கப் பண்டிகைக் காலண்டரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் ஹாலோவீன், ஆகவே பேய் வீடு, சூனியக்காரி, பூசணிக்காய். நவம்பர் நாலாவது வியாழன் அவர்களுக்கு நன்றி தெரிவிக்கும் நாள், நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு, குடும்பமே வீட்டில் இருக்கும். மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ் தொடரின் பெரிய கேம்கள் வருடா வருடம் அந்த வாரத்தைச் சுற்றியே வந்தது தற்செயல் இல்லை, தீபாவளிக்குப் பெரிய நடிகர் படம் வருவதைப் போலத்தான். கிறிஸ்மஸ் வொண்டர்லேண்ட் மாதிரி கேம்கள் டிசம்பருக்கு முன்னாலேயே வந்து நிற்கும். ஜூன், ஜூலையில் கடற்கரை, தேசியப் பூங்கா, உல்லாசப் பயணம். புத்தாண்டு முடிந்த முதல் இரண்டு வாரம் பெரும்பாலும் வறட்சிதான். ரஷ்யாவில் புத்தாண்டிலிருந்து ஜனவரி 7-ஆம் தேதி கிறிஸ்மஸ் வரை லீவு, பக் எழுதிப் போட்டால் பதில் வராது, எங்களுக்கும் அப்போதுதான் பொங்கலுக்கு ஊருக்கு வர லீவு கிடைக்கும்.

நேரக் கணக்கும் கேட்டிருந்தீர்கள், சில நாள் காலையில் பார்த்தால் இல்லை, மத்தியானம் இருக்கிறது என்று. அமெரிக்க மேற்குக் கரைக் கடிகாரப்படி நாள் மாறும் கடை என்றால், அங்கே நள்ளிரவு என்பது நமக்குப் பகல் 12.30. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவார்கள், அதிலிருந்து மார்ச் இரண்டாவது ஞாயிறு வரை நமக்கு 1.30. சாப்பிட்டுவிட்டு உட்காரும் நேரத்துக்குச் சரியாக வருவதாக அம்மா நினைத்திருந்தால் அது பசிபிக் கடிகாரத்தின் புண்ணியம். ஸ்டீமில் பெரும்பாலும் அவர்களுடைய காலை 10 மணிக்கு, அதாவது நமக்கு இரவு 10.30 அல்லது 11.30. இதெல்லாம் இப்போது ஒரு பொருட்டே இல்லை. மோடம் காலத்தில் 10 எம்.பி. கேம் இறங்க முக்கால் மணி நேரம் ஆகும், நடுவில் யாராவது போன் செய்தால் முதலிலிருந்து. பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வந்தபிறகு வீட்டில் இரவு 2 மணியிலிருந்து காலை 8 வரை டவுன்லோட் கணக்கில் சேராது என்ற திட்டம் வைத்திருந்தேன். ஆக எங்கள் ஊர் ரிலீஸ் நேரம் நடுச்சாமம் இரண்டு மணி. அலாரம் வைத்து எழுந்து டவுன்லோடைத் தட்டிவிட்டுப் படுப்பேன். வீட்டில் திட்டாத நாள் கிடையாது.

சரி, இப்போது ஏன் குறைந்துவிட்டது. இதில் பெரிய மர்மம் இல்லை. 2012-ல் கேண்டி க்ரஷ் வந்தது, முதலில் ஃபேஸ்புக்கில், அதே வருடக் கடைசியில் போனில். 10 டாலருக்கு ஒரு தடவை விற்பதைவிட சும்மா கொடுத்துவிட்டு உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகக் காசு வாங்குவது பல மடங்கு லாபம் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ப்ளேரிக்ஸின் கார்டன்ஸ்கேப்ஸையே பாருங்கள். 2009-ல் அது கம்ப்யூட்டரில் காசு கொடுத்து வாங்கி, வீட்டுக்குள் பொருள் தேடி, தோட்டத்தைச் சீர்செய்கிற கேம். 2016-ல் போனில் இலவசமாக வந்தபோது பொருள் தேடுதல் போய் ஒரே மாதிரியான மூன்றை வரிசையாகச் சேர்க்கிற கேமாகிவிட்டது, உலகம் முழுக்க ஓடியது. அதற்கப்புறம் யார் டவுன்லோட் கேம் செய்வார்கள்? பிக் ஃபிஷ்ஷை 2014-ல் சர்ச்சில் டவுன்ஸ் என்ற குதிரைப் பந்தயக் கம்பெனி வாங்கியது, 2018-ல் அரிஸ்டோக்ராட் என்ற ஆஸ்திரேலிய ஸ்லாட் மெஷின் கம்பெனிக்கு விற்றது. வாங்கியவர்கள் எந்தத் தொழில் என்று பாருங்கள். அவர்கள் கண் பிக் ஃபிஷ்ஷின் போன் கேசினோ மேல்தான், உங்கள் அம்மாவின் பொருள் தேடும் கேம் மேல் இல்லை என்பது என் அபிப்பிராயம். ஸ்டூடியோக்களும் குறைந்தன, இருக்கிற ஆட்களும் போன் கேமுக்குப் போனார்கள். அணையிலேயே தண்ணீர் குறைவு என்றால் முறை வைத்துத்தானே விட முடியும். தினம் ஒன்று போய் வாரத்துக்குச் சில என்றாகும், அந்தச் சிலவற்றில் பெரிய பெயருள்ள தொடர்கள் மட்டும் தேதி தவறாமல் வரும்.

வெளியில் உலவும் 'வரப்போகும் கேம்கள்' பட்டியல்கள் பற்றி. தேதி போட்ட பட்டியலை நம்பாதீர்கள், மாதம் போட்டதைப் பாதி நம்பலாம், பெயர் மட்டும் போட்டதை முக்கால் நம்பலாம். எங்களுக்கே தேதி உறுதியாகத் தெரிவது ஒன்றிரண்டு வாரத்துக்கு முன்னால்தான், வெளியாளுக்கு மூன்று மாதம் முன்னால் எப்படித் தெரியும். 'இன்றே ரிலீஸ், இலவச டவுன்லோட்' என்று கடைக்கு முன்னாலேயே கேம் தருவதாகச் சொல்கிற தளங்கள் என் சர்வீஸ் கடைக்கு வாடிக்கையாளர் பிடித்துத் தருகிறவை, மாதத்துக்கு இரண்டு மூன்று மெஷின் அப்படித்தான் வருகிறது. நம்பக்கூடிய அறிகுறி ஒன்று உண்டு, அது பீட்டா சர்வே. கேமின் ஒரு துண்டை மட்டும் சில நாள் விளையாட விட்டு, பிடித்ததா என்று கேள்வி கேட்பார்கள். அங்கே பார்த்த கேம் உயிரோடு இருந்தால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் எதிர்பார்க்கலாம் என்பது என் அனுபவக் கணக்கு. பெயர் மாறி வரும், ஆகவே படத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன், பிரெஞ்சுப் பதிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்குப் பின்னால் வருகிறவை, அவை வருவதைப் பார்த்துப் புதுசு என்று ஏமாற வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு இது நடந்திருக்கும் என்று சந்தேகம். 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி கார்டில் தானாகக் காசு எடுப்பதற்குக் கூடுதல் அனுமதி வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. அந்தச் சமயத்தில் வெளிநாட்டு மாதச் சந்தா பலருக்கு நின்றுபோனது. கிளப் சந்தா நின்றால் கிளப் விலையும் கிடைக்காது. 'திடீரென்று விலை ஏறிவிட்டது' என்று நீங்கள் எழுதியிருந்த வரியைப் படித்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. கணக்கில் நுழைந்து சந்தா நடப்பில் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

அம்மாவுக்கு நான் சொல்வது இது. கலெக்டர்ஸ் எடிஷன் வந்த அன்றே அதன் ஒரு மணி நேர ட்ரையலை விளையாடட்டும். கேம் ஓடும்போது மட்டும்தான் அந்த மணி எண்ணப்படும், ஆகவே டீ போட எழுந்தால் மூடிவிட்டுப் போகச் சொல்லுங்கள். பிடித்திருந்தால் வந்த தேதியைக் காலண்டரில் எழுதி, அதிலிருந்து நாலு வாரம் எண்ணி இன்னொரு கோடு போடுங்கள், சாதாரணப் பதிப்பு பெரும்பாலும் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே வந்துவிடும். அதற்கும் தனியாக ஒரு மணி நேர ட்ரையல் உண்டு. ஆனால் முதலில் விளையாடியது பொதுவாக இதில் தொடராது, ஆரம்பத்திலிருந்துதான். போனஸ் அத்தியாயத்துக்காக இன்னொரு 10 டாலர் கொடுப்பது, என்னைக் கேட்டால், வேண்டாம். பெரும்பாலான போனஸ் அத்தியாயம் ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற ஒட்டுக் கதை. அம்மாவுக்கு மிகவும் பிடித்த தொடர் ஒன்று இருந்தால் அதற்கு மட்டும் வருடத்துக்கு ஒரு தடவை கொடுங்கள், பிறந்தநாள் செலவு மாதிரி.

பழைய கேம்களை விட்டுவிட வேண்டாம், பத்து வருடத்தில் அம்மா தவறவிட்டதே நூற்றுக்கணக்கில் இருக்கும், அவை தள்ளுபடியில் கிடைக்கும். வாங்கியதை மட்டும் இன்ஸ்டால் செய்து ஓட்டிப் பார்த்து வையுங்கள். ரிஃப்ளெக்ஸிவ் ஆர்கேட் என்று ஒரு பெரிய கடை இருந்தது, 2008-ல் அமேசான் அந்தக் கம்பெனியை வாங்கி 2010-ல் கடையை மூடிவிட்டது. கடை போனால் பூட்டைத் திறக்கிற சர்வரும் போகலாம். ஆப்பிள் கம்ப்யூட்டர் வைத்திருந்தால் இன்னொரு வம்பு, 2019-ல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து பழைய 32-பிட் கேம்கள் எதுவும் ஓடாது, அப்டேட் செய்யுமுன் யோசியுங்கள்.

கடைசியாக, அம்மாவின் கம்ப்யூட்டரில் விண்டோஸ் யூசர் பெயர் தமிழில் இருக்கிறதா என்று பாருங்கள். விளையாடியது சேமிக்கப்படாமல் போகிறது என்று எப்போதாவது சொல்லியிருந்தால் முதல் சந்தேகம் அங்கேதான். பெயரை மாற்றினால் போதாது, ஃபோல்டர் பெயர் பழையபடியே இருக்கும். ஆங்கில எழுத்தில் புதிதாக ஒரு யூசர் உண்டாக்கி, அதில் கேமை இன்ஸ்டால் செய்யுங்கள். முடியாவிட்டால் அம்பாசமுத்திரம் பக்கம் வரும்போது மெஷினைக் கொண்டுவாருங்கள், அரை மணி வேலைதான்.